ஈரம் போகாத சால்மன்

மனித நாகரிகம் வரும் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் புதியதொரு கட்டத்துக்குள் நுழையவிருக்கிறது என்பதை எங்கள் குடியிருப்பின் செயற்குழு பெருமிதத்தோடு அறிவித்தது. லிஃப்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் அறிவித்தது. லிஃப்ட் அப்போது இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டதால் நான் முழுவதையும் கேட்க வேண்டியதாயிற்று.

விஷயம் இதுதான். ஒவ்வொரு வீடும் தோலோடு கூடிய சால்மன் துண்டு ஒன்றை ஏர் ஃப்ரையரில் சமைக்க வேண்டும். தோல் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். செயற்குழு நேரில் வந்து அந்த மொறுமொறுப்பைக் காதால் கேட்கும். தோல் சத்தம் போடாத வீட்டின் பால்கனி கழற்றப்படும்.

அறிவிப்பு முடிந்ததும் லிஃப்ட் கிளம்பியது.

இதில் எனக்கு வியப்பு ஒன்றுமில்லை. சென்ற ஆண்டு இட்லியின் மென்மையைச் சோதித்தார்கள். எங்கள் வீட்டு இட்லியைச் செயலாளர் கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் சொரசொரத்ததாம். சமையலறை ஜன்னலை அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தாளிக்கும்போதெல்லாம் நானும் என் மனைவியும் சேர்ந்து இருமுகிறோம். நாங்கள் சேர்ந்து செய்கிற ஒரே காரியம் அதுதான்.

செயலாளரின் பெயர் உலகளந்தான். ஓய்வு பெற்ற கூடுதல் இணை இயக்குநர். எதை இயக்கினார் என்று கேட்டவர்கள் யாரும் இப்போது எங்கள் குடியிருப்பில் இல்லை. அவர் வீட்டுக்குப் பதினோரு பால்கனிகள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், எல்லா டிராயரையும் இழுத்துவிட்டு மூட மறந்த மேஜை மாதிரி இருக்கும். எதிலும் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு காய்கிறது.

செயற்குழுவில் ஐந்து பேர். ஐவரும் சைவம். மீனைக் காதால் கேட்பது சைவத்தில்தான் சேரும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் வலது காதால் கேட்க மாட்டாராம். அது விரதக் காதாம்.

என் மனைவி திலோத்தமையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பால்கனியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் நிரம்பிவிடும். ஒரு முறை அங்கே வாஷிங் மெஷின் வைக்கலாமே என்று சொன்னேன். பத்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. பதினோராவது நாள் பேசியதும் அதைப் பற்றித்தான்.

"பால்கனி போச்சுன்னா நான் எங்க உக்காருவேன்?" என்றாள்.

"ஹால்ல உக்காரலாமே."

"ஹால்ல நீங்க இருக்கீங்க."

ஹாலில் நான் இருப்பது உண்மைதான்.

மீன் சனிக்கிழமை காலையில் லிஃப்டில் தனியாக வந்தது. எங்கள் நான்காவது மாடியில் கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. தரையில் ஒரு தட்டு, தட்டில் ஒரு துண்டு, ஆரஞ்சு நிறம். ஒரு பக்கம் வெள்ளி போலத் தோல். தட்டை எடுத்ததும் லிஃப்ட் நன்றி தெரிவித்தது.

தோல் மொறுமொறுப்பதற்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. தோல் காய்ந்திருக்க வேண்டும். ஒற்றி ஒற்றித் துடைக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் மூடாமல் வைக்க வேண்டும். மறுபடி துடைக்க வேண்டும். மேலாக எண்ணெய் தடவி, தோல் மேலே பார்க்கும்படி வைத்து, நல்ல சூட்டில் விட வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் தோல் ரப்பராகிவிடும். ரப்பர் சத்தம் போடாது. இவ்வளவுதான். ஒரு குழந்தைகூடச் செய்துவிடலாம். அந்தக் குழந்தைக்கு வீட்டில் வேறு ஆட்கள் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

பழைய வேட்டியைக் கிழித்து மீனைத் துடைத்தேன். தோல் காய்ந்த காகிதம் மாதிரி ஆயிற்று. ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஞாயிறு காலை எடுத்து மறுபடியும் துடைத்தேன். எண்ணெய் எடுக்கத் திரும்பினேன். குழாய்ச் சத்தம் கேட்டது.

திலோத்தமை மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"மீன கழுவுறேன்."

"கழுவக் கூடாதுன்னு நேத்துலேர்ந்து தொண்டை வறளச் சொல்லிட்டிருக்கேனே!"

"கழுவாத மீன எப்படிங்க அடுப்புல வைக்கிறது?" அவள் ஏற்கெனவே மஞ்சள் தேய்த்திருந்தாள். "எனக்கே தெரியலங்க. மீனப் பாத்தா கை தன்னால போகுது. எங்க வீட்ல நாலு தண்ணி கழுவாம மீன் குழம்புக்குள்ள இறங்காது."

"இது குழம்பு இல்ல."

"மீனுக்கு அது தெரியுமா?"

அது நாலாவது தண்ணீர். நான் மீனைப் பிடுங்கிக்கொண்டேன்.

அடுத்த சிக்கல் பிளக். ஏர் ஃப்ரையருக்குப் பெரிய பிளக் வேண்டும். எங்கள் வீட்டில் அது படுக்கையறையில் ஏசிக்கு மட்டும்தான் இருக்கிறது. சமையலறைப் பிளக்கில் போட்டால் எல்லா மாடிக்கும் கரண்ட் போய்விடும். ஆகவே ஏர் ஃப்ரையர் படுக்கையறையில் எங்கள் கல்யாணப் போட்டோவுக்குக் கீழே இருக்கிறது. சமையலறையிலிருந்து அங்கே போக ஒரு சின்ன நடை. சாதாரண நாட்களில் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் போய்விடலாம்.

மீனோடு கிளம்பினேன். நடை நீண்டது.

நீண்டது என்றால் அவசரப்பட்டு நீளவில்லை. நான் ஓர் அடி வைத்தால் அது ஒன்றரை அடி வைத்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் பின்னால் போயிற்று. கொஞ்ச தூரத்தில் ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. யாரும் நிற்கவில்லை. நல்லதாயிற்று என்று மீனை உயர்த்திப் பிடித்துக் காற்றில் காயவிட்டபடி நடந்தேன். தோல் லேசாகக் காய ஆரம்பித்தது.

அப்போது பக்கத்து வீட்டு அப்பாதுரை கூப்பிட்டார்.

அப்பாதுரை மூன்று மாதமாகத் தண்ணீர் மோட்டாராக இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறு வாரமே மோட்டாராகிவிட்டார். முன்பைவிட இப்போது நன்றாகத் தூங்குவதாக அவர் மனைவி சொல்கிறார். காலையில் அந்த அம்மாதான் சுவிட்சைப் போட்டுவிடுவார்.

"சார், நில்லுங்க, நில்லுங்க," என்று உறுமினார் அப்பாதுரை. நடையின் ஓரத்தில் நான்கு போல்ட்டில் உட்கார்ந்திருந்தார். "தண்ணி வந்துடுச்சு."

"எனக்கு வேண்டாம் சார். கையில மீன் இருக்கு."

"வர்ற தண்ணிய வேண்டாம்னு சொல்லாதீங்க சார். இந்த ஊர்ல அப்படிப் பேசலாமா? அப்புறம் லாரிக்குத்தான் நிக்கணும். புடிங்க."

"புடிக்க என்கிட்ட குடம் இல்ல."

"மீன் இருக்குல்ல, அதுல புடிங்க."

திறந்துவிட்டார். ஆற்றில் பிடித்தபோதுகூட அந்த மீன் அவ்வளவு நனைந்திருக்காது. சட்டையும் நனைந்தது. அப்பாதுரை திருப்தியாக இரைந்தார்.

"ஃபோர்ஸ் எப்படி?" என்றார்.

"நல்லா இருக்கு சார்," என்றேன். மோட்டாராகிவிட்ட மனிதரிடம் வேறு என்ன சொல்வது?

இன்னும் நடந்தேன். நடையின் நடுவில் ஒரு பெண் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்தார். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் வெட்டும் செல்லக்கிளி. மார்க்கெட்டில் இடம் போதவில்லை என்று எங்கள் நடைக்கு வந்துவிட்டாராம். அவருக்கு முன்னால் வரிசை. வரிசையில் யாரும் இல்லை. ஆனாலும் நான் நிற்க வேண்டியிருந்தது.

"குடு சார்," என்றார்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. நான் தாண்டிப் போறேன், அவ்வளவுதான்."

"மீன கைல வச்சினு என்னைத் தாண்டி எவன் சார் போயிக்கிறான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கை மீனைத் தொட்டுவிட்டது. தொட்டதும் தோல் வந்துவிட்டது. ஒரே இழுப்பு. என் கையில் மீன். அவர் கையில் தோல்.

"அய்யோ! தோல்தான்மா முக்கியம்!"

"தோலை யாரு சார் துன்னுவா?"

"யாரும் தின்ன மாட்டாங்க. அஞ்சு பேர் கேப்பாங்க."

"இன்னாத்த கேப்பாங்க?"

"சத்தத்த."

செல்லக்கிளி அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளினார். "வூட்ல உன்ன நல்லாத்தான பாத்துக்கிறாங்க?" என்றார்.

"ஒட்டிக் குடும்மா. என் பொண்டாட்டி பால்கனி போயிடும்."

அதற்கு மட்டும் அவர் முகம் மாறியது. இடுப்பிலிருந்து பூ கட்டுகிற நூலை எடுத்தார். தோலை மீனின் மேல் படுக்க வைத்து, மல்லிகை கட்டுவது போல மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டார். நேர்த்தியாக இருந்தது. பார்த்தால் மீன் கல்யாணத்துக்குக் கிளம்பியது போலத் தெரிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இரு சார், இரு," என்றார். "கட்டுனா ஒரு தண்ணி அலசிக் குடுக்கணும்."

அலசிக் கொடுத்தார்.

படுக்கையறைக்கு வந்து சேர்ந்தபோது மீனிலிருந்து சொட்டிய தண்ணீர் எனக்குப் பின்னால் ஒரு வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. அதுவும் ஈரம்.

ஏசியைப் போட்டு மீனைக் காய வைக்கலாம் என்று யோசித்தேன். ஏசி ஓடினால் ஏர் ஃப்ரையருக்குப் பிளக் இல்லை, ஆனாலும் முதலில் காயட்டும் என்று கட்டிலில் துண்டை விரித்து மீனைப் படுக்க வைத்து ஏசியைப் போட்டேன். மூன்று கோடையாக ஒழுகாத ஏசி அன்று ஒழுகியது. வேறெங்கும் இல்லை. தோலில்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மீனைத் திட்டினேன். ஏசியைத் திட்டினேன். மீனை அனுப்பிய நார்வேயைத் திட்டினேன். நெத்திலியைக் கொடுத்திருந்தால் எண்ணெயில் போட்டு எடுத்து இந்தத் தெருவுக்கே சத்தம் கேட்க வைத்திருப்பேன். மொறுமொறுப்பு என்றால் என்ன என்று முறுக்குச் சுட்டே தலைமுறைகள் கழித்த ஒரு ஜனத்துக்குப் பரீட்சை வைப்பதற்கு, எண்ணெயே இல்லாமல் காற்றில் பொரிக்கும் ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தவனைத் திட்டினேன்.

திலோத்தமை உள்ளே வந்தாள். அவளுக்கு நடை நீளவில்லை. எப்போதும் போல வந்தாள். மீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"குடுங்க," என்றாள்.

"கழுவுவே."

"கழுவ மாட்டேன். வெயில்ல வைக்கிறேன்."

மீனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். தன் நாற்காலியில் மீனை வைத்தாள். அவள் நாற்காலியில் வேறு யாரையும் அவள் வைத்து நான் பார்த்ததில்லை. என் அக்கா வந்தபோதுகூட ஸ்டூல்தான். இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். பால்கனியில் நான் நிற்பது அதுவே முதல் முறை. காற்று வந்தது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு காகம் வந்து கம்பியில் உட்கார்ந்து, நூல் முடிச்சைப் பார்த்துவிட்டு, இது தன் வகையில் சேராது என்று போய்விட்டது.

"என்னங்க," என்றாள் திலோத்தமை. "கை போகுது."

அவள் வலது கை மீனை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. விரல்கள் குழாயைத் திருகுவது போலத் தாமாகத் திருகின.

"அடக்கு."

"முடியல. புடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டேன். இரண்டு கையையும். அப்படியே நின்றோம். தோல் காய்ந்தது. முதலில் ஓரம், பிறகு நடு. வெயில் நாற்காலியைத் தாண்டி எங்கள் கால்வரை வந்தது. அவள் கை என் கைக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. கடைசியாக இப்படிப் பிடித்தது எப்போது என்று யோசித்தேன். கல்யாணத்தில் ஐயர் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். பிறகு விடச் சொன்னார்.

"இங்க உக்காந்து என்னதான் பாப்பே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பாக்க மாட்டேன்."

"அப்புறம்?"

"அதான். ஒண்ணும் பாக்க மாட்டேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பால்கனியின் பயன் போய்விடும்.

தோலைச் சுண்டிப் பார்த்தேன். டக் என்றது. எண்ணெய் தடவினேன். அவள் கையை என் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, இருவரும் ஒரே ஆளாக நடையைக் கடந்தோம். அப்பாதுரை கூப்பிட்டார், திரும்பவில்லை. செல்லக்கிளி எழுந்து நின்று வழி விட்டார். ஏசியின் பிளக்கைப் பிடுங்கி ஏர் ஃப்ரையரைச் செருகினேன். தோல் மேலே. இருநூறு டிகிரி.

சத்தம் கேட்டது.

முதலில் மழைக்கு முன் ஓலையில் விழும் துளி மாதிரி. பிறகு படபடவென்று. டிராயரை இழுத்தேன். தோல் உப்பி, பொன்னிறமாக, அப்பளம் போல நின்றது. நூல் மட்டும் கருகியிருந்தது. விரல் நகத்தால் லேசாகத் தொட்டேன். அந்தச் சத்தத்துக்கு எதிர் பிளாக்கில் ஒருவர் கதவைத் திறந்து "யாரு?" என்றார்.

திலோத்தமை சிரித்தாள். அவளுக்குச் சிங்கப்பல் உண்டு என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

செயற்குழு சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தது. முன்னால் உலகளந்தான். பின்னால் நால்வர். அவர்களுக்குப் பின்னால் மைக் செட், குத்துவிளக்கு, ஒரு பேனர். ஸ்பேனரோடு இரண்டு ஆட்கள் வாசலிலேயே நின்றார்கள்.

"சார், உடனே கேளுங்க," என்றேன். "சூடா இருக்கறப்பவே கேக்கணும். சத்தம் அப்பதான்."

"எதுக்கும் ஒரு முறை இருக்கு," என்றார் உலகளந்தான்.

விளக்கேற்றினார்கள். தீக்குச்சி நான்கு முறை அணைந்தது. வரவேற்புரை நிகழ்ந்தது. வரவேற்புரை நிகழ்த்தியவரை வரவேற்று ஒருவர் பேசினார். சால்மன் வேற்று நீரில் பிறந்து நம் மண்ணை நாடி வந்த பெருமை பற்றிச் சொல்லப்பட்டது. அது லிஃப்டில் வந்ததை யாரும் சொல்லவில்லை. தோலில் இன்னும் சத்தம் இருந்தது. எனக்குக் கேட்டது.

"அடுத்ததாக," என்றார் உலகளந்தான், "இன்றைய விழா நாயகனுக்குப் பொன்னாடை."

நான் முன்னால் வந்து தலையைக் குனிந்தேன். பொன்னாடை என்னைத் தாண்டிப் போயிற்று. சரிகைக் கரை போட்ட, கனமான, பிளாஸ்டிக் கவரைக்கூடக் கழற்றாத பொன்னாடை. மீனின் மேல் போர்த்தினார்கள். கை தட்டினார்கள்.

"சார்! போர்த்தாதீங்க! ஆவி கட்டிக்கும்! தோல் வேர்த்துடும்!"

"மரியாதைன்னா வேர்க்கத்தான் செய்யும்," என்றார் உலகளந்தான். "எனக்கு வேர்க்கலையா?"

அவருக்கு வேர்த்திருந்தது.

"எடுத்துடுங்க சார், ப்ளீஸ்."

"போட்ட பொன்னாடைய நன்றியுரைக்கு முன்னாடி எடுக்கறதா? நீங்க படிச்சவர்தானே?"

தலைமையுரை தொடங்கியது. உலகளந்தான் தன் இளமைக் காலத்திலிருந்து ஆரம்பித்தார். அவர் பணியில் சேர்வதற்குள் பொன்னாடையின் ஓரத்தில் முதல் துளி விழுந்தது. உதவி இயக்குநராவதற்குள் தட்டில் குளம் கட்டியது. திலோத்தமை என் பெல்ட்டிலிருந்து கையை எடுத்தாள். பால்கனிக்குப் போனாள்.

நன்றியுரை முடிந்தது. மைக்குக்கு நன்றி சொன்னார்கள். பொன்னாடையை எடுத்தார்கள். தோல் ஈரத் தபால்தலை மாதிரி படுத்துக் கிடந்தது. ஐவரும் குனிந்து காதை வைத்தார்கள். விரதக் காது உள்ளவர் மறுபக்கம் சுற்றிப்போய் இடது காதை வைத்தார். உலகளந்தான் கரண்டியால் தட்டினார்.

சத்தமில்லை.

"மௌனம்," என்று அவர் மைக்கில் அறிவித்தார்.

ஸ்பேனர்காரர்கள் உள்ளே வந்தார்கள். பால்கனி வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்கள். திலோத்தமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிங்கம்மா. கழட்டணும்."

"கழட்டுங்க."

"நீங்க உள்ள இருக்கீங்களே."

"நான் எங்க உள்ள இருக்கேன்? வெளியதான இருக்கேன். நீங்க உங்க வேலையப் பாருங்க தம்பி."

அவர்கள் உலகளந்தானைப் பார்த்தார்கள். அவர் மற்ற நால்வரைப் பார்த்தார். தீர்மானத்தில் பால்கனி என்றுதான் இருக்கிறது, காலியான பால்கனி என்று இல்லை என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். உலகளந்தான் தொண்டையைக் கனைத்தார். ஆனால் மைக்கை ஏற்கெனவே கட்டிவைத்துவிட்டார்கள். மைக் இல்லாமல் அவருக்குப் பேச வராது.

போல்ட்டுகளைக் கழற்றினார்கள். பால்கனி சுவரைவிட்டு விலகியது. ஒரு முறை லேசாக ஆடியது. பிறகு கட்டடத்தின் வெளிப்புறமாக, டெப்போவுக்குத் திரும்பும் காலி பஸ் போல, அவசரமில்லாமல் நகர்ந்து போயிற்று. அதில் திலோத்தமை கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பால்கனி இருந்த ஓட்டையில் நின்று எட்டிப் பார்த்தேன். இரண்டு மாடிக்கு மேலே, உலகளந்தான் வீட்டுச் சுவரில், பன்னிரண்டாவது டிராயராக அது பொருந்தியது. மற்ற பதினொன்றிலும் துண்டு. அதில் மட்டும் ஆள்.

"திலோத்தமை!" என்று கத்தினேன். "எப்ப வருவே?"

அவள் எட்டிப் பார்த்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"இங்க காத்து நல்லா வருதுங்க."

"அவர் ஏதாவது சொன்னா?"

"அவரு இந்தப் பக்கம் வர்றதே இல்லையாம். வேலைக்காரம்மா சொல்லுச்சு."

"நான் வேணும்னா ஹால்ல இல்லாம இருக்கேன்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அதை நான் குறித்துக்கொண்டேன்.

"வேணாங்க," என்றாள். "நீங்க ஹால்லயே இருங்க."

செயற்குழு பேனரைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிற்று. நான் ஹாலில் உட்கார்ந்தேன். பசித்தது. மீனைச் சாப்பிட்டேன்.

சுமார்தான்.